கான்வென்டுக்குப் போன நிச்சயதார்த்தத் தட்டு

காஞ்சிபுரம்,
ஆனி மாதம், 1978.

தென்னேரியில் ஏரித் தண்ணீரும் எல்லாச் சுகமும் பெற்று வாழும் பெருமதிப்பிற்குரிய கந்தன் மாமா அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் கலியாணசுந்தரம் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் இந்திராணியும் மகள் அம்சவேணியும் ஏகாம்பரநாதர் தயவில் சௌக்கியம். அங்கே தாங்களும், என் அக்கா லோகாம்பாளும், தங்கள் மகன் சிட்டிபாபுவும், சின்னவள் அலமுவும், சென்ற முறை வந்தபோது என்னை முட்டித் தள்ளிய அந்தப் பசுவும் சௌக்கியம்தானே. அங்கே மழை உண்டா, ஏரி எவ்வளவு ரொம்பியிருக்கிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வர வேண்டும். விசாரித்துவிட்டேன். விஷயத்துக்கு வரத்தான் பேனா நகர மாட்டேன் என்கிறது. தயவுசெய்து இதை உட்கார்ந்து படிக்கவும். முழுவதும் படித்து முடிக்கிற வரைக்கும் பஸ் ஏற வேண்டாம்.

அம்சவேணிக்கும் சிட்டிபாபுவுக்கும் ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று தாங்கள் தை மாதமே சொல்லிவிட்டுப் போனீர்கள் அல்லவா. அதற்காக இந்திராணி ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் வாங்கி வைத்திருந்தாள். அந்தத் தாம்பாளத்தை நான் கான்வென்ட் சிஸ்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சும்மா கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் எல்லாம் வைத்து, கிழக்கு பார்த்து நின்று கொடுத்தேன். எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொன்னால்தான் தாங்கள் என்னை மன்னிப்பதற்கு எங்கேயாவது ஓர் இடம் அகப்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அம்சா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கித் தேறிவிட்டாள் என்பது தங்களுக்குத் தெரியும். முன்னெல்லாம் பதினோராவது எழுதினால் பள்ளிக்கூடம் முடிந்தது, அதற்கு மேல் வேண்டுமென்றால் காலேஜில் போய் பி.யூ.சி. படிக்க வேண்டும். இந்த வருஷம் அதை மாற்றி, பத்தாவதுக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலேயே இன்னும் இரண்டு வருஷம், அதற்கு ப்ளஸ் டூ என்று பெயர் என்று சொல்லிவிட்டார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு இல்லை. சரி, இத்தோடு முடிந்தது, ஆவணி வரைக்கும் வீட்டில் தறி நாடாவுக்கு நூல்தார் சுற்றிக்கொண்டு இருக்கட்டும் என்று நான் நிம்மதியாகத் தறியில் உட்கார்ந்தேன். அம்சா அழவில்லை, சாப்பிடாமல் படுக்கவில்லை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தாள். ஒரு நூல் அறுபடாமல், ஒரு சிக்கல் விழாமல் அவள் தார் சுற்றிச் சுற்றிக் கூடையில் போடுவதைப் பார்க்கப் பார்க்க என் தறியில் இழை அறுபட ஆரம்பித்துவிட்டது. சண்டை போடுகிற பிள்ளையோடு நாமும் சண்டை போடலாம். வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்கிற பிள்ளையை என்ன செய்வது மாமா? ஒரு நாள் தாங்க முடியாமல், "சும்மா பள்ளிக்கூடத்தையெல்லாம் பாத்துக்கினு வரலாம், பாக்கறதுக்குக் காசா பணமா" என்று நானே வாயைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற வேகத்தைப் பார்த்த பிறகுதான், சொன்னது தப்பு என்று எனக்கு உறைத்தது.

துணைக்கு எதிர்வீட்டு முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டோம். பட்டுக்குச் சாயம் போடுகிறவன், கை எந்நேரமும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும், அன்றைக்கு அரக்குச் சிவப்பு. முதலில் போன பள்ளிக்கூடத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை ஓர் ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. என்ன அறிவிப்பு என்று கேட்டதற்கு, "ஆடு தின்றதுக்கு முன்னாடி வந்திருக்கணும்பா" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதுகிற பாடம் மட்டும்தான் உண்டாம். அம்சாவுக்கு வேண்டியது உயிரியல். மூன்றாவதுதான் ஸ்டேஷன் பக்கம் இருக்கிற மாதா கான்வென்ட். நாங்கள் உள்ளே நுழைந்தபோது பகல் பன்னிரண்டு மணி. அங்கே மாதா கோயிலில் ஜெப மணி அடித்தது. நடந்துகொண்டிருந்த டீச்சர்கள் அப்படி அப்படியே நின்றார்கள். வாட்ச்மேன் அந்தோணிகூடப் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கண்ணை மூடினான். எல்லோரும் கும்பிடும்போது நாம் மட்டும் முழித்துக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காதே என்று நானும் ஏகாம்பரநாதரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொட்டு வைக்க விடுவார்களா, பூ வைக்க விடுவார்களா என்று இந்திராணி அந்தோணியை மடக்கிக் கேட்டாள். "பொட்டெல்லாம் வைக்கலாம்மா. பூ மட்டும் ஒரு முழத்துக்கு மேல வேணாம். வாசனையில கிளாஸ்ல தூக்கம் வருதுன்னு டீச்சருங்க சொல்றாங்க" என்றான். அது நியாயம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

இதற்குள் அம்சாவைக் காணோம். தேடிப் போனால் ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே முழு எலும்புக்கூடு ஒன்று கொக்கியில் தொங்குகிறது. இந்திராணி "ஐயோ, வா வீட்டுக்குப் போவலாம்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அம்சா திரும்பி, "அம்மா, அதுக்கு எவ்ளோ சின்னச் சின்ன எலும்பெல்லாம் இருக்குது பாரும்மா, காதுக்குள்ளகூட இருக்குதாம்மா" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. தங்கத் தோடு போட்டபோது சிரிக்காத பெண், பிணத்தின் எலும்பைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியவில்லை மாமா. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ஆவணி மாதமும் தெரியவில்லை.

மறுநாள் பெரிய சிஸ்டர் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். பெயர் சிஸ்டர் ஜெசிந்தா, நாகர்கோவில் பக்கத்துக்காரர். பெரிய மனுஷியைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று இந்திராணி கேட்டாள். வீட்டில் இருந்த தட்டுகளில் ஒன்று நசுங்கல், இன்னொன்றை முனிரத்தினம் பெண்டாட்டி வடாம் காயவைக்க வாங்கிப் போயிருந்தாள். பாக்கி இருந்தது அந்தத் தாம்பாளம் ஒன்றுதான். தாம்பாளம் பெரிதாக இருந்ததால் அதை நிரப்பப் பழமும் தேங்காயும் நிறைய வேண்டியிருந்தது, நிறைய வைத்ததால் அதற்கு ஒரு களை வந்துவிட்டது. சிஸ்டர் அம்மா முன்னால் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். என்ன சொல்லிக் கொடுப்பது? தட்டைக் கையில் பிடித்தால் எனக்குத் தெரிந்த வசனம் ஒன்றே ஒன்று. அக்காவைத் தங்களுக்கு நிச்சயம் செய்தபோது எங்கப்பா தங்கள் தகப்பனாரிடம் சொன்னது. அதையே சொல்லிவிட்டேன்: "அம்மா, எங்க வீட்டுப் பொண்ணு, இனிமே உங்க பொண்ணு. உங்க கையில ஒப்படைக்கறோம்." அந்த அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம், ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்று சொல்லி, எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மாதா படம் கொடுத்தார்கள். அவர்கள் பக்கத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது என்று இந்திராணி என் இடுப்பில் கிள்ளினாள். தட்டு மாற்றியாகிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? நம்மவர்களில் தட்டு மாற்றிய பிறகு வாக்குத் தவறினவர்கள் யாராவது உண்டா மாமா? அந்தோணி ஏதோ அப்ளிகேஷன், அப்ளிகேஷன் என்று பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தான். பெரிய இடத்தில் பேச்சு முடிந்த பிறகு வாட்ச்மேனிடம் என்ன பேச்சு என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு இந்திராணி மிளகும் சுக்கும் போட்டுக் கோயில் இட்லி அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். முனிரத்தினம் நான்காவது துண்டைச் சாப்பிடும்போது, "தட்டு கொடுத்தியே, இன்னா சொல்லிக் கொடுத்தே?" என்று கேட்டான். சொன்னேன். அவன் வாயில் இருந்த இட்லி அப்படியே நின்றது. "அடப்பாவி, பொண்ணையே இல்ல கொடுத்துட்டு வந்திருக்கே. சிஸ்டர் கையில இனிமே உங்க பொண்ணுன்னு சொன்னா இன்னாபா அர்த்தம்? அந்தப் பொண்ணும் வெள்ளை அங்கி போட்டுக்கினு சிஸ்டரா போயிடும்பா" என்றான். அவ்வளவுதான், இந்திராணி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்துவிட்டு, மிச்சம் இருந்த இட்லியையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்சா மட்டும், "எனக்கு பயாலஜி கொடுப்பாங்கன்னா அங்கி போட்டுக்கறேன்" என்று சொல்லி இந்திராணியின் அழுகையை இரண்டு மடங்காக்கினாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் தெருவில் பாவு நூலை நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். தெருவே இரண்டு பக்கமும் நின்றது. அப்போது பார்த்தால் தெருக்கோடியில் வெள்ளை அங்கி. சிஸ்டர் ஜெசிந்தா அம்மா. கையில் என்ன என்று பார்த்தேன். நம்முடைய தாம்பாளம், பளபளவென்று கழுவித் துடைத்து, காலியாக. வாங்கின தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தால் என்ன அர்த்தம்? சம்பந்தம் முறிந்தது என்றுதானே அர்த்தம். அதை நாம் கையால் வாங்கினால்தானே முறியும், வாங்கவே கூடாது என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு யோசனை ஓடியது. நீட்டியிருந்த பாவைத் தாண்டக் கூடாது என்று யாரோ சொல்ல, அந்த அம்மா தெருவின் நீளத்துக்கும் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த அவகாசத்தில் நான் உள்ளே ஓடி, நெய்யும்போது கால் வைக்கிற தறிக்குழியில் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டேன். சிஸ்டர் அம்மா வாசலில் நின்று, "இது இந்த வீட்டுத் தட்டுதானே" என்று முனிரத்தினத்திடம் நீட்டினார்கள். அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "சாயக் கைம்மா, தொடக் கூடாது" என்று பின்வாங்கினான். இந்திராணியிடம் நீட்டினார்கள். அவள் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று போய்விட்டாள். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. கடைசியில் அம்சாதான் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

மாமா, இங்கே நான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, சொல்லப் பயமாக இருந்தது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிறோம் என்றதும் இந்திராணி ஆசைப்பட்டு, அந்தத் தட்டின் பின்பக்கத்தில் "அம்சவேணி – சிட்டிபாபு" என்று வெட்டி வாங்கியிருந்தாள். சாமான் வைத்துக் கொடுத்ததால் பின்பக்கம் யார் கண்ணிலும் படவில்லை. கான்வென்ட் ஹாஸ்டலில் கழுவும்போதுதான் பட்டிருக்கிறது.

"சிட்டிபாபு யாரும்மா?" என்று சிஸ்டர் அம்மா கேட்டார்கள்.

"எங்க அத்தை மகன், சிஸ்டர்."

"உனக்குக் கல்யாணமா?"

"எனக்குத் தெரியாது, சிஸ்டர். அப்பாவைத்தான் கேக்கணும். அவரு குழியில இருக்கறாரு."

பெற்ற பெண் இப்படிக் காட்டிக்கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மா உள்ளே வந்து, அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தறிக்குழி ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்கள். "ஐயா, மேல வாங்க" என்றார்கள். "கால் மரத்துப்போச்சும்மா" என்றேன். "அப்ப அங்கேயிருந்தே சொல்லுங்க. கல்யாணத் தட்டை எனக்கு எதுக்குக் கொடுத்தீங்க? பிள்ளையைப் படிக்க வைக்கப் போறீங்களா, கட்டிக் கொடுக்கப் போறீங்களா? ஒரே ஒரு பதில் போதும்" என்றார்கள். பாவு நூலை அப்படியே விட்டுவிட்டுத் தெருவே வாசலில் வந்து நின்றது. என் கண் முன்னால் முதலில் தங்கள் மீசை வந்தது. பிறகு அக்கா முகம் வந்தது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன், அம்சா நிற்கிறாள். கையில் தண்ணீர்ச் சொம்பு, சொம்பில் தண்ணீர் ஆடுகிறது. ஒரு நூல் அறுபடாமல் தார் சுற்றுகிற கை அது. "படிக்கத்தாம்மா" என்றேன். குழிக்குள்ளிருந்து சொன்னது யாருக்கும் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன். "படிக்கத்தாம்மா. தட்டுல பேரு இருக்குதேன்னு பாக்காதீங்க. தட்டுதான் அவசரப்பட்டுப்போச்சு, நான் அவசரப்படல."

"அப்ப அப்ளிகேஷன் ஏன் இன்னும் வரலை? இன்னைக்கு நாலு மணியோட கடைசி" என்றார்கள். "அது இன்னாத்துக்கும்மா, அதான் தட்டு மாத்தியாச்சே" என்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்சாதான் நம் வழக்கத்தை எடுத்துச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சிரித்தார்கள் பாருங்கள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அம்சா கொண்டுவந்த சொம்பை வாங்கிக் குடித்து, புரை ஏறி, இந்திராணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவர்கள் தலையில் தட்டினாள். பிறகு என்ன, முனிரத்தினம் சைக்கிளை எடுத்தான், அம்சா மார்க் ஷீட்டோடு பின்னால் ஏறினாள், நான் மரத்துப்போன காலோடு பின்னால் ஓடினேன். அப்ளிகேஷன் தாளின் மூலையில் முனிரத்தினத்தின் ஐந்து விரலும் அரக்குச் சிவப்பில் பதிந்துவிட்டன. அதோடுதான் கொடுத்தோம். மார்க்கைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறேன், தட்டுக்காக இல்லை என்று சிஸ்டர் அம்மா என்னிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்கள். பயாலஜி கிடைத்துவிட்டது. தட்டை நாங்களும் திருப்பி வாங்கவில்லை, அவர்களும் வைத்துக்கொள்ள ஒப்பவில்லை. கடைசியில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று முடிவாயிற்று. ஆக, தங்கள் மகன் பெயரும் என் மகள் பெயரும் சேர்ந்து தினமும் காலையில் அங்கே உப்புமா சுமக்கின்றன.

திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பித்தது. நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி, ஒரே ஒரு முழம் பூ. அம்சா தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் தறியை விட்டுவிட்டு வாசலில் நின்றேன். நம் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் புத்தகம் தூக்கினது அவள்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. முனிரத்தினம் சாய அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது மாமா. தங்களை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம். தாங்கள் பெரியவர், வாக்குக் கொடுத்தவன் நான், தப்பு என் பேரில்தான். ஆவணியை விட்டுவிடுங்கள். இரண்டே இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அவள் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள், அதைத் தங்களிடம் இப்போது சொல்லத் தைரியம் இல்லாததால் சொல்லவில்லை. கோபத்தில் அக்காவை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், அவளுக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

அக்காவுக்கு என் வணக்கம், சிட்டிபாபுவுக்கும் அலமுவுக்கும் எங்கள் ஆசி, பசுவுக்கும் என் பேரில் ஒரு பிடி புல். காமாட்சியம்மன் தங்கள் கோபத்தைத் தணித்துக் குடும்பத்தைத் தழைக்கச் செய்ய வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் அக்கா வந்து நிற்கிறாள். ஒரு கையில் அலமு, இன்னொரு கையில் அலமுவின் டி.சி. தங்களிடம் வரதராஜப் பெருமாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாளாம். இங்கே நடந்ததெல்லாம் பஸ்ஸிலேயே தென்னேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். "என்னை அஞ்சாவதோட நிறுத்தி உங்க மாமாவுக்குத் தட்டு மாத்தினாங்க. என்னை யார்னா ஒரு வார்த்தை கேட்டாங்களாடா? அம்சா எவ்ளோ வருஷம் வேணும்னாலும் படிக்கட்டும். சிட்டிபாபுகிட்டயும் சொல்லிட்டேன், அவனும் சரின்னுட்டான். அலமுவை எட்டாவதுல சேக்கணும், கிளம்பு" என்கிறாள். ஆகையால் மேலே நான் மன்னிப்புக் கேட்ட இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். தங்களை இரண்டு வருஷம் பொறுக்கச் சொல்லியிருந்தேன், அதையும் அடித்துவிடவும். அலமு எட்டாவதில் சேர்ந்து ப்ளஸ் டூ முடிக்க ஐந்து வருஷம் ஆகும், அதுவரைக்கும் அக்கா அவளுக்குத் துணையாக எங்கள் வீட்டிலேயே இருக்கப் போகிறாளாம். இதற்கு மேல் அவளே எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

நமஸ்காரம். அரிசி பெரிய பானையில். உப்பு மாடத்தில். சாதம் நீங்களே வடித்துக்கொள்ளவும். கோபம் இருந்தால் நேரில் வந்து சொல்லவும். வரும்போது கொடியில் காயும் அலமுவின் பச்சைப் பாவாடையை எடுத்து வரவும். இப்படிக்கு லோகாம்பாள்.